படிக்கட்டைக் கழுவியவள்

என் கணவரை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். ஆம்புலன்ஸ் ஆட்களின் பூட்ஸ் தடம் வாசலிலிருந்து படுக்கையறை வரை சேறாகக் காய்ந்து கிடந்தது. மழை நாள். நான்தான் மாப்பை எடுத்துத் துடைத்தேன். யாரும் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், வந்தார்கள். டப்பா டப்பாவாகச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் வந்தன. பத்து நாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஏதாவது ஒரு மூடி காலில் விழுந்தது. ஆனால் சாவு விழுந்த வீட்டைக் கழுவிவிட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊரில் என்றால் உடலை எடுத்த கையோடு பெண்கள் வாளியும் துடைப்பமுமாக இறங்கிவிடுவார்கள். வீட்டுக்காரி ஒரு துணியைக்கூடப் பிழிய வேண்டியிருக்காது. இங்கே டெக்சாஸில் நான் அழுதுகொண்டே துடைத்தேன், திட்டிக்கொண்டே துடைத்தேன், துடைத்து முடித்து மாப்பைக் குப்பையில் எறிந்தேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதனால்தான், இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தப் பெண் இறந்தபோது நான் முந்திக்கொண்டேன்.

முப்பத்திரண்டு வயது. கோபிச்செட்டிபாளையம் பக்கம். கணவன் மனைவி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை, குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவாள், என் கிரைண்டரில் அரைக்க. அரைபடுகிற நேரம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பாள். கலிபோர்னியாவில் இருக்கும் என் மகனும் ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வான். நான் தமிழில் கேட்டால் அவன் இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவான். உண்மையைச் சொன்னால், அவன் போனைவிட அவள் வருகிற சத்தத்தைத்தான் நான் அதிகம் எதிர்பார்த்தேன்.

கணவனைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "அவருக்குக் கோவம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டாரு ஆன்ட்டி. வீடே ஃப்ரீஸராட்டம் ஆயிரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரரும் அந்த ரகம்தான் என்று சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் வளைகாப்பு. வந்த பெண்களுக்கெல்லாம் கண்ணாடி வளையல் கொடுத்தார்கள். அவள் கைக்கு நான்தான் போட்டுவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் தன் வீட்டு மாடிப்படியின் கீழே இறந்து கிடந்தாள்.

மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்ததாகவும், சத்தம் கேட்டு ஓடிவந்ததாகவும் கணவன் சொன்னான். பக்கத்தில் துணிக்கூடை கவிழ்ந்திருந்தது. போலீஸ் வந்தது, படம் எடுத்தது, துணியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது கால் இடறியிருக்கும் என்று முடிவு செய்தது. வாசலில் கட்டியிருந்த மஞ்சள் டேப்பைச் சாயங்காலத்துக்குள் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவனை ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அன்றைக்கே எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: அவளுடைய அம்மா ஊரிலிருந்து கிளம்புகிறார், போன வருஷம் எடுத்த விசா இருக்கிறது, யாராவது வீட்டைக் கொஞ்சம் ரெடி பண்ண முடியுமா? கூடவே கராஜ் கதவைத் திறக்கிற நம்பர். வரிசையாகக் கைகூப்புகிற பொம்மைகளைப் போட்டார்களே தவிர, போகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. எழுதாமல் போனேன். துணைக்கு, எதிர்வீட்டுக்குக் கல்யாணமாகி வந்திருந்த சின்னப் பெண்ணை அழைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் கருவிகளைக் கழுவிச் சுத்தம் செய்கிற வேலை. ஒரு கறை தெரிந்தால் கை சும்மா இருக்காது. படியின் அடியில், வெளிர் நிறக் கார்ப்பெட்டில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த திட்டு இருந்தது. பெற்றவள் அதைப் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் என் மனசில் இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் வாடகைக்குக் கொடுக்கிற கார்ப்பெட் கழுவும் மெஷினை எடுத்துவந்து, மேல் படியிலிருந்து கீழ் படி வரை மூன்று தடவை ஓட்டினேன். மூன்றாவது தடவை அழுக்குத் தண்ணீர் வெள்ளையாக வந்தது. கூடையில் இருந்த துணியைத் துவைத்து மடித்து வைத்தோம். படுக்கை விரிப்பை மாற்றினோம். சிங்க்கில் கிடந்த தட்டுகளைக் கழுவினோம். சமைத்ததையெல்லாம் கொட்டினோம். வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தோம்.

மாடியில், படுக்கையறைக் கதவுக்கு வெளியே, உடைந்த வளையல் துண்டுகள் சில கிடந்தன. கண்ணாடி, யார் காலிலாவது குத்திவிடப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டேன். மறுநாள் காலை குப்பை லாரி வந்து எடுத்துக்கொண்டு போயிற்று.

வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். நானும் இன்னும் சிலரும் கூட இருந்தோம். விழுந்து புரளப்போகிறார் என்று எல்லோரும் பயந்திருக்க, அவர் வாசலிலேயே நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். படியைப் பார்த்தார். மூச்சை இழுத்து மஞ்சள் வாசனையை முகர்ந்தார்.

"ஆருங்க இத்தனை சுத்தமா கழுவிவிட்டது? எந்த மகராசியோ, அவ கை நல்லா இருக்கோணும்" என்றார்.

கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை ஊறியதை மறைக்க மாட்டேன். என் வீட்டில் யாரும் செய்யாததை நான் ஒருத்திக்குச் செய்துவிட்டேன் என்ற பெருமை.

அது மூன்று நாள்கூட நிற்கவில்லை. திங்கட்கிழமை, உடலைப் பரிசோதித்த டாக்டர், மேல்கையில் கன்றிப்போன அடையாளங்கள் இருக்கின்றன, விழுந்ததால் வந்தவையா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். துப்பறிவாளர்கள் இரண்டு பேர் மறுபடி அந்த வீட்டுக்குப் போனார்கள். அங்கே இருந்தது ஒரு சுத்தமான வீடு. யார் கழுவியது என்று கணவனைக் கேட்டார்கள். "ஃப்ரெண்ட்ஸ் யாரோ, எனக்குத் தெரியாது" என்றான். பிறகு வக்கீல் வைத்துக்கொண்டான், வாயைத் திறக்கவில்லை. அவன் ஆபீஸ் நண்பர்களைக் கேட்டார்கள், அவர்களுக்கும் தெரியவில்லை. என் கதவை யாரும் தட்டவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

அம்மா அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று என் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னை அம்மிணி என்றார். நான் வேலைக்குப் போகும்போது சோபாவில் எந்த இடத்தில் இருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருப்பார். ஆறு வருஷமாக ஒற்றைத் தட்டு கழுவிய சிங்க்கில் இரண்டு தட்டு விழுந்தது. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது: அவர் இருந்தது எனக்கு நன்றாக இருந்தது. சொல்லிவிட்டால் போய்விடுவார் என்பதும், நான் சொல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம்.

எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், அரசு வக்கீலை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். டி.ஏ. என்பார்கள். யார் மேல் வழக்குப் போடுவது, யார் மேல் போடாமல் விடுவது என்பது அவர் கையில். முந்தின தீபாவளி விழாவுக்கு அவரைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கட்டம் போட்ட சாக்ஸோடு நின்று குத்துவிளக்கு ஏற்றினார், "வனாக்கம்" என்றார், கைதட்டல் கூரையைப் பிளந்தது. செல்பி எடுக்காத ஆள் இல்லை. அதே டி.ஏ., அவள் இறந்து நாலு மாதம் கழித்து, இந்தச் சாவைக் கிராண்ட் ஜூரி என்ற பொதுமக்கள் குழு முன் வைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று ஓர் அறிக்கை விட்டார். அதில் ஒரு வரி: விசாரணை அதிகாரிகள் திரும்பிப் போவதற்குள் வீடு முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டுவிட்டது.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. குழுவில் இரண்டே கருத்து. ஒன்று, நம்மில் யாரும் போகவில்லை, கழுவியது அவன்தான், அதுவே கொலைக்குச் சாட்சி. இரண்டு, டி.ஏ. விலைபோய்விட்டார், அல்லது வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்தால் இப்படி விடுவாரா. செல்பியெல்லாம் ஒரே ராத்திரியில் காணாமல் போயிற்று. நூலகத்தின் ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஆள் மைக்கைப் பிடுங்கிப் பேசினார்கள்.

"கார்ப்பெட்டைக் கூடக் கழுவியிருக்கான் சார்! பொண்டாட்டி செத்த வீட்ல எவன் சார் கார்ப்பெட் கழுவுவான்?" என்றார் ஒருவர்.

"எலெக்ஷன் வருது. ஓட்டுல காட்டணும்" என்றார் இன்னொருவர்.

மேடையில் இருந்தவர் கேட்டார்: "சரி, இங்க சிட்டிசன் எத்தனை பேர்? கை தூக்குங்க."

நிறைந்த ஹாலில் பத்துப் பன்னிரண்டு கை. மற்றவர்களெல்லாம் விசாவிலும் கிரீன் கார்டு வரிசையிலும் நிற்கிறவர்கள். தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, எதற்கு என்று புரியாமல் தானும் கையைத் தூக்கினார். அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டேன். கூட்டம் முடியும்வரை அதை விடவில்லை.

அன்று சாயங்காலம் அந்த எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவர்கள் இதற்குள் நியூ ஜெர்சிக்கு மாறிப்போயிருந்தார்கள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ், என் பேரை இழுக்காதீங்க. எங்க விசா எக்ஸ்டென்ஷன் பெண்டிங்ல இருக்கு. போலீஸ் ஸ்டேட்மென்ட் அது இதுன்னு போனா எங்களைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்று அழுதாள்.

"நான் உன்னை இழுக்கலம்மா. நான் என்ன பண்றதுன்னு கேட்டேன்."

"ஒண்ணும் பண்ணாதீங்க. நல்லதுதானே பண்ணினோம்?"

நல்லதுதான் பண்ணினோம். அதைத்தான் நானும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் சொல்லிக்கொள்வேன்: தப்பு என் மேல் மட்டுமா? ஒரு பெண் மாடிப்படியில் செத்துக் கிடக்கிறாள். நாலு மணி நேரத்தில் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனது நானா? தும்பை விட்டு வாலைப் பிடித்தது யார்? காரில் தனியாகப் போகும்போது டி.ஏ.வோடு சத்தம் போட்டே சண்டை போட்டிருக்கிறேன். வேலைக்குப் போய்க் கருவிகளைக் கழுவ உட்கார்ந்தால் மட்டும் வாதம் எதுவும் நிற்காது. அந்த மூன்றாவது தடவைத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். எதை வெள்ளையாகும்வரை கழுவினேன்? அவன் தள்ளியிருந்தால் அதை அழித்துவிட்டேன். தள்ளாமல் இருந்திருந்தால், அவனைக் காப்பாற்றக்கூடிய ஒன்றையும் அழித்துவிட்டேன். இப்போது ஊரே அவன் தலையில் என் கார்ப்பெட் மெஷினைக் கட்டியிருக்கிறது.

ஒருநாள் அவனை இந்திய மளிகைக் கடையில் பார்த்தேன். அரை ஆளாகியிருந்தான். பில் போடுகிற வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற பெண், கூடையை அப்படியே வைத்துவிட்டு வேறு வரிசைக்குப் போனாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் பருப்பு அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கூட்டம் கொடுத்த நெருக்கடியில், அம்மாவை நேரில் சந்திக்க டி.ஏ. ஒப்புக்கொண்டார். கூட வந்து இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல அம்மா என்னைத்தான் கேட்டார். குழுவில் பெரிய இங்கிலீஷ் பேசுகிறவர்கள் பலர் இருந்தார்கள். "அவிங்கெல்லாம் சத்தம் போடுவாங்க. நீ வா அம்மிணி" என்றார்.

டி.ஏ. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் எங்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். தீபாவளியில் பார்த்ததைவிடக் கிழடு தட்டியிருந்தார். நான் அவரை நம்பவில்லை. தேர்தல் வரும் நேரத்துக் கனிவு என்றே நினைத்தேன். அவர் பேசினார், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கன்றின அடையாளம் மட்டும் போதாது. அண்டை வீட்டார் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மீட்டிங்கில் இருந்ததாக அவன் சொன்னது கம்ப்யூட்டர் பதிவோடு பாதி ஒத்துப்போகிறது, பாதி ஒத்துப்போகவில்லை. மீதியை வீடு சொல்லியிருக்கும், வீட்டைக் கழுவிவிட்டார்கள். கழுவின கார்ப்பெட்டை வைத்துக்கொண்டு நான் ஜூரி முன் எப்படிப் போய் நிற்பேன் என்றார்.

அம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவரைக் கேளு அம்மிணி. கழுவினது ஆருன்னு கேளு. என்ற மருமகனா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். நான் ஊருக்குப் போயிர்றேன்."

நான் டி.ஏ.வைப் பார்த்தேன். கேள்வியை இங்கிலீஷில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் வரவில்லை.

"நான்தான்க்கா" என்றேன்.

அம்மாவுக்குப் புரியவில்லை. நான் கேள்வியைத் தப்பாக வாங்கிக்கொண்டேன் என்று நினைத்து, நிதானமாக மறுபடி சொன்னார்: "வீட்டைக் கழுவினது ஆருன்னு கேளு."

"அக்கா, நான்தான் கழுவினேன். மெஷின் எடுத்துட்டு வந்து படியைக் கழுவினேன். நீங்க வந்து பாக்கக் கூடாதுன்னு கழுவினேன்."

பிறகு டி.ஏ.விடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை; பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் இனி மொழிபெயர்க்க முடியாது, நீங்கள் இப்போது சாட்சி என்றார். அம்மாவை வேறு அறைக்குக் கூட்டிப்போனார்கள். கதவு மூடுவதற்குள், அங்கே மேஜைமேல் வைத்த போனிலிருந்து எங்கேயோ இருக்கும் ஒரு பெண் தமிழில் "வணக்கம் அம்மா, நான் உங்கள் மொழிபெயர்ப்பாளர்" என்று சொன்னது கேட்டது. என்னை இரண்டு மணி நேரம் விசாரித்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். துணைக்கு வந்தது யார் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். மாடியில் கிடந்த வளையல் துண்டுகளைச் சொன்னபோது, எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

திரும்பி வரும்போது ஃப்ரீவே முழுக்க அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கட்டினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். காபி போட்டு வைத்தேன், அது ஆறி ஏடு படிந்தது. வேறொரு குடும்பம் காரோடு வந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "போயிட்டு வர்றன்" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

என்னைக் குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை. எல்லோரும் வேறு ஒரு குழுவுக்குப் போய்விட்டார்கள். பழைய குழுவில் நான் மட்டும் இருந்தேன் என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். நியூ ஜெர்சிப் பெண் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. டி.ஏ. சொல்லிக்கொடுத்து, காசு கொடுத்து நான் அப்படிச் சொன்னதாகவும் ஒரு பேச்சு. இருபது வருஷம் என் கையால் பொங்கல் சாப்பிட்டவர்கள் அதை நம்பினார்கள். வழக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வளையல் துண்டை நான் பார்த்தேன் என்பதைத் தவிர இந்த உலகத்தில் அதற்கு வேறு அத்தாட்சி இல்லை. என்றைக்கு உடைந்தது என்று கேட்டார்கள். எனக்கு என்ன தெரியும்?

ஒருநாள் அவளுடைய கணவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "தேங்க்யூ ஆன்ட்டி." அவ்வளவுதான். குற்றமில்லாதவனின் நன்றியா, தப்பித்தவனின் நன்றியா? எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். பதில் போடவில்லை, அழிக்கவும் இல்லை.

தேர்தல் வந்தது. தனியாகப் போய் வரிசையில் நின்றேன். டி.ஏ. பதவிக்கான பெயர்கள் திரையில் வந்தபோது விரல் நின்றுவிட்டது. எங்களை ஏமாற்றினார் என்று அவருக்கு எதிராகக் குத்த என்னால் முடியவில்லை. அன்றே வீட்டைப் பூட்டாமல் விட்ட போலீஸைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை சொல்லாதவருக்குக் குத்தவும் மனசு வரவில்லை. அந்த ஒரு பதவியை மட்டும் காலியாக விட்டுவிட்டு வந்தேன். அவர் ஜெயித்துவிட்டார்.

தை பிறந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அடித்தது. மகன் என்று எடுத்தேன். கோபியிலிருந்து அம்மா.

"நல்லா இருக்கியா" என்று கேட்கவில்லை. "வளையத் துண்டு கெடந்துச்சுன்னு அன்னிக்கு டி.ஏ. ஆபீஸ்ல அந்தப் போன்காரப் பொண்ணு சொன்னா" என்றார். "கலரு சொல்லல. நானும் கேக்கல. என்ன கலரு?"

"பச்சைங்கக்கா. நான்தான் அவ கையில போட்டுவிட்டேன்."

 அவர் வீட்டில் எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"பச்சைதான் அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

 அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.